படித்து முடித்த டொக்டருக்கு இன்னும் என்ன படிப்பு?

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. காய்ச்சலில் துவண்டிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர் டிஸ்பென்சரிக்குப் போனேன். கதவு பூட்டியிருந்தது. "டொக்டர் இன்று லெக்சருக்குச் சென்றுள்ளார். நாளை காலை 7 மணிக்குத் திறக்கப்படும்" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

எனக்கு முன்பே நாலைந்து பேர் பிள்ளைகளுடன் வந்து நின்றார்கள். ஒருவருக்குக் கோபம் தாங்கவில்லை. "படிச்சு முடிச்சு இருபது வருஷமாச்சு. இன்னும் என்னத்தப் படிக்கப் போறாரு? லெக்சர் எண்டு சொல்லிப்போட்டு ஏதாவது ஹோட்டல்ல சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆசிரியர்கள் செமினாருக்குப் போகும் நாட்களிலும் பெற்றோர் பாடசாலை வாசலில் நின்று இதைத்தான் சொல்கிறார்கள்.

மகளை அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். மூன்று நாளில் சுகமானாள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த வாசலில் கேட்ட கேள்வி என் மனதில் நின்றுவிட்டது. அது நியாயமான கேள்வி. படித்து முடித்த டொக்டருக்கு இன்னும் என்ன படிப்பு? பெற்றோராகிய நாம் இதற்கான பதிலைத் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன். இதற்கு எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவமும் காரணம்.

2009 இல் நடந்தது

2009 ஆம் ஆண்டு நாட்டில் டெங்கு கடுமையாகப் பரவிய ஆண்டு. என் தங்கையின் மகனுக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சல் வந்த இரண்டாம் நாள் இதே டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனோம். காய்ச்சலை உடனே இறக்குவதற்கு ஒரு மருந்து கொடுத்தார். பனடோல் வகை அல்ல, வலியையும் வீக்கத்தையும் குறைக்கின்ற, அதைவிடப் பலமான ஒன்று. அந்தக் காலத்தில் அது பரவலாகக் கொடுக்கப்பட்ட மருந்துதான். ஒரு மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்கியது. "நல்ல கைராசியான டொக்டர்" என்று மூத்தும்மா துஆச் செய்தார்.

நாலாம் நாள் காய்ச்சல் முற்றாக விட்டது. பிள்ளை சுகமாகிவிட்டான் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். பின்னேரம் வயிற்று வலி என்றான். கைகால்கள் குளிர்ந்தன. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் சுருண்டு படுத்தான். வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடியபோது அங்கிருந்த டொக்டர் முதலில் கேட்ட கேள்வி, "காய்ச்சலுக்கு என்ன மருந்து கொடுத்தீங்க?" என்பதுதான். டெங்கு என்று சந்தேகப்படும் காய்ச்சலுக்கு அந்த வகை மருந்து கொடுக்கக்கூடாது, அது இரத்தக் கசிவுக்கான ஆபத்தைக் கூட்டும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியும். ஐந்து நாள் வோட்டில் இருந்து பிள்ளை திரும்பி வந்தான். இன்று என்னைவிட உயரமாக நிற்கிறான்.

பல வருடங்களுக்குப் பிறகு அதே டொக்டரிடம் என் மகளைக் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்றைக்குக் காய்ச்சல் எத்தனையாவது நாள்?" என்பது. பிறகு, எவ்வளவு குடிக்கிறாள், எத்தனை தடவை சிறுநீர் போனாள் என்று கேட்டார். பனடோல் மட்டும் எழுதினார். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார். நான் பழைய கதையை மெல்லச் சொன்னேன். அவர் மறைக்கவில்லை. "அப்ப எனக்கே அது சரியாத் தெரியா, டீச்சர். பிறகு லெக்சர்களுக்குப் போய்த்தான் விளங்கிக்கிட்டேன்" என்றார்.

அவர் 2009 இலும் நல்ல மனிதர்தான். தனக்குத் தெரிந்ததைச் செய்தார். பிறகு அவருக்குத் தெரிந்தது மாறியது. அதனால் அவருடைய கையில் எங்கள் பிள்ளைக்குக் கிடைத்த சிகிச்சையும் மாறியது.

வைத்தியப் படிப்பு எங்கே முடிகிறது?

நம் நாட்டில் ஒருவர் வைத்திய பீடத்தில் ஐந்து வருடம் படித்து, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி பெற்று, இலங்கை மருத்துவ சபையில் பதிந்து டொக்டராகிறார். சிறுவர் வைத்திய நிபுணராக வேண்டுமானால் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மேலும் பல வருடம் படிக்க வேண்டும். அதன் பிறகு முப்பது, நாற்பது வருடம் தொழில் செய்கிறார். 1995 இல் படித்து வெளியேறியவர் இன்றும் பிள்ளைகளுக்கு மருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் படித்த பாடப்புத்தகம் அதற்குப் பிறகு பல தடவை திருத்தி அச்சாகிவிட்டது.

இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் தொடர் மருத்துவக் கல்வி என்ற ஏற்பாடு இருக்கிறது. இலங்கைச் சிறுவர் மருத்துவ நிபுணர்கள் கல்லூரி, இலங்கை மருத்துவச் சங்கம், பொது மருத்துவர்களின் கல்லூரி போன்றவை இவ்வாறான விரிவுரைகளையும் வருடாந்த மாநாடுகளையும் நடத்துகின்றன. கண்டி, காலி, யாழ்ப்பாணம் போன்ற இடங்களிலும் வைத்தியர்களின் சங்கங்கள் கூட்டங்கள் வைக்கின்றன. பெரிய வைத்தியசாலைகளில் உள்ளேயே வாராந்தக் கலந்துரையாடல்கள் நடக்கின்றன. கொரோனா காலத்திற்குப் பிறகு சூம் வழியாகவும் நடக்கின்றன.

அங்கே என்னதான் நடக்கிறது? பெயர் குறிப்பிடாமல் ஒரு நோயாளியின் கதையை எடுத்து வைப்பார்கள். பிள்ளை என்ன குறியோடு வந்தது, என்ன நினைத்தோம், எதைத் தவறவிட்டோம் என்று பேசுவார்கள். ஒரு நோய்க்கான சிகிச்சை வழிகாட்டி மாறியிருந்தால் எது மாறியது, ஏன் மாறியது என்று விளக்குவார்கள். பிறகு கேள்வி நேரம். நம் வகுப்பறைதான், மாணவர்கள் மட்டும் நரைத்த தலையுடன் இருப்பார்கள்.

பிள்ளை என்பது சிறிய உருவில் உள்ள பெரியவர் அல்ல

பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்பவர்களுக்கு இந்தத் தொடர் கல்வி கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரியவருக்கு இரண்டு பனடோல் என்று சொல்லிவிடலாம். பிள்ளைக்கு அப்படி முடியாது. பரசிட்டமோல் ஒரு வேளைக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் என்று கணக்கிட வேண்டும். 10 கிலோ பிள்ளைக்கு ஆகக்கூடியது 150 மில்லிகிராம். ஒரு முழுப் பனடோல் வில்லையில் இருப்பது 500 மில்லிகிராம். கணக்கில் ஒரு சிறு பிழை விட்டாலும் விளைவு பெரிது.

பெரியவர்களுக்குப் பொருந்தும் மருந்து பிள்ளைகளுக்கு விஷமாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. ஒரு காலத்தில் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு அஸ்பிரின் சாதாரணமாகக் கொடுக்கப்பட்டது. சின்னம்மை, இன்புளுவென்சா போன்ற வைரஸ் நோயுள்ள பிள்ளைகளில் அதற்கும் ரெய் நோய் எனப்படும், மூளையையும் ஈரலையும் தாக்கும் ஆபத்தான நிலைக்கும் தொடர்பு இருப்பது 1980 அளவில் தெரியவந்தது. 1986 இல் பிரித்தானியாவில் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதைக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னர் படித்து வெளியேறிய டொக்டர் ஒருவர் இதைப் பிறகுதானே கேள்விப்பட்டிருக்க வேண்டும்?

தாமதத்தின் விலை

புதிய அறிவு பிறப்பதற்கும் அது பிள்ளையின் கட்டிலைப் போய்ச் சேர்வதற்கும் இடையில் பல வருடங்கள் போய்விடுகின்றன. இதற்கு உலகம் அறிந்த உதாரணம் குழந்தையைத் தூங்க வைக்கும் முறை.

மேற்கு நாடுகளில் 1950களின் பிற்பகுதியிலிருந்து குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று பெயர்பெற்ற வைத்தியர்களே எழுதினார்கள். பெற்றோர் அப்படியே செய்தார்கள். தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்துபோவது கூடியது. மல்லாக்கப் படுக்க வைக்கும்படி பிரித்தானியாவில் 1991 இலும் அமெரிக்காவில் 1994 இலும் பிரசாரம் தொடங்கியது. அவ்வாறான மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. ஆனால் 2005 இல் வெளியான ஒரு மதிப்பாய்வு, குப்புறப் படுக்க வைப்பது ஆபத்தானது என்பதற்கான சான்றுகள் 1970 அளவிலேயே கிடைத்திருந்தன என்று காட்டியது. இருபது வருடத் தாமதம். அந்தத் தாமதத்தின் விலை பல்லாயிரம் குழந்தைகள்.

நமக்கு நெருக்கமான உதாரணம் ஜீவனி. 1971 இல் பங்களாதேஷ் யுத்தத்தின்போது எல்லையோர அகதி முகாமில் கொலரா பரவியது. சேலைன் போதாமல் போனது. டொக்டர் திலிப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாயால் குடிக்கக் கொடுத்துப் பெருமளவு உயிர்களைக் காப்பாற்றினார். அன்று பல டொக்டர்கள் அதை நம்பவில்லை. இன்று நம் வீட்டு அலுமாரியிலேயே ஜீவனிப் பக்கெற் இருக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. அந்தக் கலவையின் உப்பு, குளுக்கோஸ் அளவுகளை 2002 இல் உலக சுகாதார அமைப்பும் யுனிசெப்பும் குறைத்து மாற்றின. 2004 இல், வயிற்றோட்டம் உள்ள பிள்ளைக்கு ஜீவனியோடு சேர்த்து 10 முதல் 14 நாள் சிங்க் மருந்தும் கொடுக்க வேண்டும் என்று இரு அமைப்புகளும் அறிவித்தன. வயிற்றோட்டம் நின்ற பிறகும் டொக்டர் ஏன் சிங்க் கொடுக்கச் சொல்கிறார் என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அவர் ஏதோ ஒரு லெக்சரில் இதைக் கற்றிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பதில்லை.

டெங்கு கற்றுத் தந்த பாடம்

தொடர் கல்வி பிள்ளைகளின் உயிரைக் காத்ததற்கு வெளிநாட்டு உதாரணம் தேடத் தேவையில்லை.

2009 இல் இலங்கையில் 35 ஆயிரம் பேரளவில் டெங்கினால் பாதிக்கப்பட்டார்கள். 346 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர். டெங்குச் சிகிச்சையில் நீண்ட அனுபவம் உள்ள நாடு தாய்லாந்து. அங்கே பேங்கொக்கில் உள்ள சிறுவர் வைத்தியசாலைக்கு நம் நாட்டு வைத்தியர்கள் பயிற்சிக்காகச் சென்றார்கள். அங்கே கற்றதை வைத்து நம் நாட்டிற்கான சிகிச்சை வழிகாட்டிகள் எழுதப்பட்டு, 2012 இல் மேலும் திருத்தப்பட்டன. நீர்கொழும்பு வைத்தியசாலையில் டெங்குச் சிகிச்சைக்கென்றே ஒரு நிலையம் உருவாகி, ஏனைய வைத்தியசாலைகளின் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் பயிற்சி கொடுத்தது.

அவர்கள் கற்றது என்ன? பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெங்கில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல, காய்ச்சல் விடும் நேரத்தில்தான் தொடங்குகிறது. அந்த நேரத்தில் சில பிள்ளைகளின் இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கும். இது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அப்போது சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. கூடினால் நுரையீரலைச் சுற்றித் திரவம் நிரம்பிப் பிள்ளை மூச்சுவிட முடியாமல் தவிக்கும். எனவே நிறைய சேலைன் ஏற்றினால் நல்லது என்ற பழைய எண்ணத்தை விட்டு, நிறையைக் கணக்கிட்டு, மணிக்கு மணி நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீர் ஆகியவற்றை அளந்து கொடுக்க வேண்டும். இதற்குப் புதிய மருந்தோ விலைகூடிய இயந்திரமோ தேவையில்லை. தெரிந்திருக்க வேண்டும், விழித்திருக்க வேண்டும்.

2017 இல் இதைவிடப் பெரிய டெங்கு அலை வந்தது. 1 இலட்சத்து 86 ஆயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். இறந்தவர்கள் 440 பேரளவில். ஒவ்வோர் உயிரும் பெறுமதியானது, அந்த வீடுகளுக்கு எந்தக் கணக்கும் ஆறுதலாகாது. ஆனால் 2009 இல் நூற்றுக்கு ஒருவராக இருந்த மரணம், ஆயிரத்துக்கு இரண்டு மூன்று பேராகக் குறைந்திருந்தது. மக்கள் நேரத்தோடு வைத்தியசாலைக்கு வந்ததும், கூடுதலான நோயாளிகள் பதிவானதும் இதில் பங்குள்ள காரணங்கள். அவற்றோடு, வைத்தியர்களும் தாதியரும் மறுபடி மாணவர்களாகி உட்கார்ந்ததும் ஒரு பெரிய காரணம்.

லெக்சர் மட்டும் போதுமா?

போதாது. இதை ஓர் ஆசிரியையாக என்னால் சொல்ல முடியும். 2007 இல் புதிய பாடத்திட்டத்துடன் 5ஈ கற்பித்தல் முறை வந்தபோது எங்களை ஒருநாள் செமினாருக்கு அழைத்தார்கள். வரவுப் பதிவில் ஒப்பமிட்டோம், கேட்டோம், பகல் சாப்பாடு சாப்பிட்டோம். மறுநாள் வகுப்புக்குப் போய்ப் பலர் பழையபடியே கற்பித்தோம். ஆசிரியர் கலாசாலையில் நான் கற்ற பாடமும் இதுதான்: கேட்டது மட்டும் கையில் தங்காது, செய்து பார்த்ததும் பிழை விட்டுத் திருத்தியதுமே தங்கும்.

வைத்தியத்திலும் அப்படித்தான். வைத்தியர்களுக்கான விரிவுரைகள் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பாய்வு, அவற்றால் நடைமுறையில் ஏற்படும் முன்னேற்றம் நூற்றுக்கு 6, 7 என்ற அளவில் சிறியதுதான் என்று கண்டது. டெங்குப் பயிற்சி வெறும் விரிவுரையாக நிற்கவில்லை. கட்டிலருகே நின்று கற்பித்தார்கள். அளந்து எழுதும் படிவம் கொடுத்தார்கள். ஒவ்வொரு மரணத்தையும் எடுத்து, எங்கே தவறினோம் என்று மீளாய்வு செய்தார்கள். அதனால்தான் கற்றது கையில் இறங்கியது.

இன்னொரு விடயத்தையும் மறைக்கக்கூடாது. இவ்வாறான கூட்டங்களின் தேநீரையும் மண்டபத்தையும் சில சந்தர்ப்பங்களில் மருந்துக் கம்பனிகள் பொறுப்பேற்கின்றன. கேள்வி கேட்ட அந்த மனிதரின் ஹோட்டல் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது. குறிப்பாகப் பால்மாக் கம்பனிகளின் விடயத்தில் உலகம் கவனமாக இருக்கிறது. தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளைச் சந்தைப்படுத்துவது பற்றிய சர்வதேச நெறிமுறை 1981 இல் வந்தது. அவ்வாறான கம்பனிகள் சுகாதாரத் துறையினரின் கூட்டங்களுக்கு அனுசரணை வழங்கக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2016 இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. பிள்ளை வைத்தியரின் கல்விக்கு யார் செலவழிப்பது என்பது பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்வி.

எங்கள் ஊர் டொக்டரின் நிலை

பிரித்தானியாவில் 2012 முதல் ஒவ்வொரு வைத்தியரும் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை, தான் தொடர்ந்து கற்கிறேன் என்பதைக் காட்டித் தன் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். இந்தியாவின் மருத்துவச் சபை ஐந்து வருடத்தில் 30 மணித்தியாலம் என்று விதித்தது. நம் நாட்டில் இது பெரும்பாலும் வைத்தியரின் மனச்சாட்சியிலேயே தங்கியிருக்கிறது.

பெரிய வைத்தியசாலையில் உள்ள நிபுணருக்குக் கூட்டம் பக்கத்து மண்டபத்தில் நடக்கும். எங்கள் ஊர் டிஸ்பென்சரி டொக்டருக்கு அப்படியல்ல. கொழும்பில் கூட்டமென்றால் ஓர் இரவு பஸ்ஸில் போக வேண்டும். டிஸ்பென்சரியைப் பூட்டினால் அன்றைய வருமானம் இல்லை. திரும்பி வந்தால் நம் ஏச்சு. ஆனால் நம் பிள்ளைகளின் காய்ச்சலை முதலில் காண்பவர் அவர்தான். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவதா, பலமான மருந்தைக் கொடுத்துக் காய்ச்சலை இறக்குவதா என்பது அவர் கையில்தான் இருக்கிறது. ஆகக் கூடுதலாகக் கற்க வேண்டியவருக்குத்தான் கற்கும் வாய்ப்பு ஆகக் குறைவு.

நாம் செய்யக்கூடியது

முதலாவது, டொக்டர் கற்றதைச் செயற்படுத்த விட வேண்டும். "இன்னும் பவரான மருந்து தாங்க", "அன்டிபயோட்டிக் எழுதுங்க" என்று நெருக்குவது நாம்தான். வைரஸ் காய்ச்சலுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது. குறைவாக மருந்து எழுதும் டொக்டரை விட்டு, கைநிறைய வில்லை தரும் டொக்டரைத் தேடி ஓடினால், கற்றவரும் காலப்போக்கில் பழைய வழிக்கே போய்விடுவார்.

இரண்டாவது, விபரத்தோடு போக வேண்டும். காய்ச்சல் தொடங்கிய நாள், நேரம், குடித்த அளவு, சிறுநீர் போன தடவைகள், கொடுத்த மருந்தின் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கிளினிக் கொப்பியையும் கொண்டு போங்கள். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை சோர்ந்தாலோ, வயிற்று வலி, தொடர் வாந்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல் இருந்தாலோ விடியும் வரை காத்திராமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

மூன்றாவது, ஊராகச் செய்யக்கூடியது. ஊரிலுள்ள டொக்டர்களுக்கு, மாவட்ட வைத்தியசாலையின் சிறுவர் வைத்திய நிபுணரை அழைத்து மாதத்தில் ஒரு மாலை கலந்துரையாட இடம் வேண்டும். அதற்குப் பாடசாலை மண்டபமோ பள்ளிவாசல் மண்டபமோ போதும். தேநீர்ச் செலவை நம் சங்கங்கள் ஏற்றால் எந்தக் கம்பனியின் பதாகையும் தேவைப்படாது. அதே நிபுணர் அரை மணித்தியாலம் தாய்மாருக்கும் தமிழில் பேசினால் இன்னும் நல்லது.

மறுநாள் காலை அந்த டிஸ்பென்சரி வழியாகத்தான் பாடசாலைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, வழமையான கூட்டம். நேற்றுக் கோபப்பட்டவரும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டொக்டர் அவரிடம் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்: "இன்றைக்குக் காய்ச்சல் எத்தனையாவது நாள்?" 2009 இல் எங்களிடம் யாரும் கேட்காத கேள்வி அது. அதைக் கற்றுக்கொள்வதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவு பூட்டியிருந்தால், அடுத்த முறை நாம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.